தோமி சொன்ன கடல்

யபிகு தோமி ஷியோகாஸே மாரு கப்பலைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் வார்த்தை வராது, கடல்தண்ணீர்தான் வரும். ஒரு கேள்விக்கு ஏறக்குறைய அரை வாளி. வேறு எதைப் பற்றியும் அவளால் தாராளமாகப் பேச முடிந்தது. மீன் எவ்வளவு கிடைத்தது, சூறாவளி எந்தப் பக்கம் திரும்புகிறது, பக்கத்து வீட்டுப் பன்றி வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து கிழங்குப் பாத்தியை நாசம் செய்தது என்று எல்லாம் பேசினாள், சண்டையும் போட்டாள். கப்பல் என்று வந்தால் மட்டும் தண்ணீர். போர் முடிந்த பிறகு தீவுக்கு வந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் ஒருவர் அதைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தார். உப்பின் அளவு ஆழ்கடலுக்கு உரியது, கரையோரத்துத் தண்ணீர் அல்ல, உள்ளே ஒரு மீன்குஞ்சு உயிரோடு இருந்தது, நோயாளி ஆரோக்கியமாக இருக்கிறாள், காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்பின் இரிஜிமாத் தீவில் யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. தோமியிடம் கப்பல் பேச்சை எடுக்கக் கூடாது, எடுத்தால் தரையைத் துடைக்க வேண்டியிருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததோடு சரி.

ஷியோகாஸே மாரு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் வருடம் ஆகஸ்ட் மாதம் இரிஜிமாத் துறையிலிருந்து முப்பத்தெட்டுப் பள்ளிப் பிள்ளைகளையும் கிபோ மிசாவோ என்ற இருபத்திரண்டு வயது ஆசிரியையையும் ஏற்றிக்கொண்டு போனது. சண்டை தீவுக்கு வரப்போகிறது, பிள்ளைகளைப் பெருந்தீவுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே அவர்கள் பத்திரமாக இருப்பார்கள் என்று உத்தரவு வந்திருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் நீர்மூழ்கிக் கப்பலின் குண்டு பட்டுப் பதினொரு நிமிடத்தில் அது மூழ்கியது. அதற்கு நான்காவது நாள் ஒரு சூரைமீன் படகு, மூங்கில் தெப்பம் ஒன்றிலிருந்து ஒன்பது வயதுத் தோமியைத் தூக்கியது. தீவின் பிள்ளைகளில் கரை சேர்ந்தது அவள் ஒருத்திதான். அவளைக் கொண்டுபோய் வைத்திருந்த துறைமுகச் சத்திரத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே வரக் கூடாது, வந்தால் உன் அப்பா அம்மாவைச் சிறையில் வைப்போம் என்றார். பிறகு ஓர் அஞ்சலட்டையை முன்னால் வைத்துத் தான் சொல்லச் சொல்ல அவளை எழுத வைத்தார். நாங்கள் எல்லோரும் நலமாக வந்து சேர்ந்தோம், இங்கே வெயில் குறைவு. அட்டை தீவுக்கு வந்ததும் தலைமையாசிரியர் அதைப் பள்ளி வாசலில் ஒட்டினார். தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். எழுத்து கோணல்மாணலாக இருந்ததால் அது பிள்ளை கைப்பட எழுதியதுதான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அடுத்த வசந்தத்தில் சண்டை தீவுக்கே வந்தது. பள்ளி எரிந்தது, அட்டையும் எரிந்தது, தோமியின் தாயும் தகப்பனும் ஒரே குகையில் செத்துப்போனார்கள். கப்பல் போய்ச் சேரவில்லை என்பது அதற்குள் வாய்வழியாகத் தெரிந்துவிட்டது. எப்படி, எங்கே, யார் யார் எவ்வளவு நேரம் என்பது மட்டும் தெரியவில்லை. நாற்பத்தாறாம் வருடக் குளிர்காலத்தில், ஒட்ட வெட்டிய தலைமுடியோடு தோமி துறையில் வந்து இறங்கியபோது முப்பத்தேழு பிள்ளைகளின் வீட்டாரில் உயிரோடு மிஞ்சியவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். முதலில் வாயைத் திறந்தவள் அஹகோன் கமாது. மீனவன் மனைவி, அப்போது முப்பது வயது. அவள் மகள் செத்சுவும் தோமியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

“செத்சு எங்கடி?” என்று கேட்டாள் கமாது.

தோமி வாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. அவள் சட்டை நனைந்து, காலடி மணல் நனைந்து, தண்ணீர் கமாதுவின் செருப்புவரை ஓடியது. கமாது தன் தலைத்துண்டை அவிழ்த்து அவள் வாயைத் துடைத்துவிட்டாள். “விடு. விடுடி. சாப்பிட்டியா நீ?” என்றாள். அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருடங்கள் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தோமியைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தோமியும் கமாது வீட்டுப் பக்கமாகப் போவதென்றால் சுற்றிக்கொண்டு போவாள். தன் மகள் போய் இவள் மட்டும் வந்தாளே என்ற ஆத்திரம் கமாதுவுக்கு என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். தோமியும் அப்படித்தான் நினைத்தாள்.

தோமி வளர்ந்தாள். படகு இயந்திரம் பழுதுபார்க்கும் செய்தோகு அவளைக் கட்டிக்கொண்டான். பெண் பார்க்க வந்தபோதே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். “பேசாம இருந்தா தண்ணி வராது இல்ல? அப்ப சரி” என்றான் அவன். அவள் தூக்கத்தில் பேசுகிறவள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று முறை வீட்டுப் பாய்களை மாற்றினான். நான்காவது முறை பாயே வேண்டாம் என்று சிமெண்டுத் தரை போட்டு, மூலையில் ஓட்டை வைத்தான். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். துறைமுக மேட்டில் சோபா என்கிற நூடுல்ஸ் விற்கும் கடை போட்டாள். பன்றி எலும்பு ரசம், கையால் இழுத்த நூடுல்ஸ். ரசப் பானை கவிழ்ந்து இடது புறங்கையில் பலா இலை அளவுக்கு ஒரு தழும்பு விழுந்தது. அமெரிக்கர்கள் போனார்கள், தீவு மறுபடி ஜப்பானோடு சேர்ந்தது, கார்கள் சாலையின் இடது பக்கத்துக்கு மாறுவதாகப் பேசிக்கொண்டார்கள். கப்பலைப் பற்றிப் பேசக் கூடாது என்று உத்தரவு போட்ட அதிகாரி எங்கே போனார், இருக்கிறாரா செத்தாரா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உத்தரவை ரத்துசெய்யவும் யாரும் வரவில்லை. அதனால்தான் தண்ணீர் நிற்கவில்லை என்று ஊர்த்தலைவர் தமாயோசே சொல்வார்.

எழுபத்தைந்தாம் வருட வசந்தத்தில் ஷியோகாஸே மாருவின் கதையைப் படமெடுக்க டோக்கியோவிலிருந்து நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். இயக்குநர் ஹிராத்சுகா மெலிந்த மனிதர், வேகமாக நடப்பார், வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொள்வார். ஒட்டுப்பலகையால் துறையில் கப்பல் கட்டினார்கள். கேமரா பார்க்கும் பக்கம் மட்டும் சாம்பல் வண்ணமடித்து, ஆணித்தலைகள்கூடத் தெரிய, அசல் கப்பல் மாதிரியே இருந்தது. பின்பக்கம் வெறும் மூங்கில் சாரம். நாபே என்ற கிழவி சுற்றிப்போய்ப் பார்த்துவிட்டு, “முன்னாடி கப்பல், பின்னாடி கோழிக்கூண்டு. இதுல ஏறுனாலும் எங்கேயும் போய்ச் சேர முடியாது” என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அந்தக் கப்பலில் இரண்டு மகன்கள்.

ஹிராத்சுகா முதல் வேலையாகத் தோமியின் கடைக்கு வந்தார். ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தார். ஊர்த்தலைவர் எவ்வளவோ எச்சரித்திருந்தார். நகரத்துக்காரர் என்பதால் அவர் அதை ஏதோ பேச்சுக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டார்.

“தெப்பத்துல உங்ககூட யார் இருந்தாங்க, அதை மட்டும் சொல்லுங்கம்மா. மெதுவா சொல்லுங்க, அவசரமில்ல.”

தோமி சொல்லத்தான் பார்த்தாள். கருவி அதோடு கெட்டது. அவர் மறுநாள் தார்ப்பாயும் பென்சிலும் கொண்டுவந்தார். எழுத உட்கார்ந்தாலும் தாடையிலிருந்து ஒழுகித் தாள் கூழானது. ஆமாம், இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுங்கள் என்றார். ஆட்டினாலும் வந்தது. ஹிராத்சுகா மழைச்சட்டையைக் கழற்றி உதறிவிட்டு இரண்டு கிண்ணம் சோபா சாப்பிட்டார். “சரிம்மா, நான் கற்பனையா எழுதிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். செய்தோகு தரையைத் தள்ளித் துடைத்தான்.

முதலில் துறையில் வழியனுப்பும் காட்சி. தீவின் தாய்மார்களே வந்து நின்றால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். பதினாறு பேர் மிஞ்சியிருந்தார்கள், பதினாறு பேரும் வந்தார்கள். பழைய காலத்து உடைகளை அவர்களிடமே வாங்கி அவர்களுக்கே உடுத்திவிட்டார்கள். பிள்ளைகளாக நடிக்க நாஹா நகரத்திலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். செத்சுவாக நடிப்பவள் அகேமி, பத்து வயது, முன்பல் ஒன்று பாதி உடைந்தவள். கேமரா ஓடியதும் அழுதபடி கையசைக்க வேண்டும் என்று ஹிராத்சுகா ஒலிபெருக்கியில் சொன்னார். ஒருவரும் அழவில்லை. மறுபடி சொன்னார். அப்போதும் அழவில்லை.

கமாது முன்னால் வந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது. “டைரக்டர் சார், அன்னைக்கு நாங்க யாரும் அழல.”

“அழலையா?”

“எதுக்கு அழணும்? பனி பாக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. இந்தத் தீவுல யாரு பனி பாத்திருக்கா? இடம் கிடைக்காதவங்கதான் வீட்டுல அழுதுக்கிட்டு இருந்தாங்க.”

“நான் ரெண்டு பேருக்கும் இடம் கேட்டு, ஆபீசுல போய் உக்காந்து வாங்கினேன்” என்றாள் நாபே. “விழுந்து விழுந்து சிரிச்சோம். அந்த மிசாவோ டீச்சர் பாவம், இத்தனை வாலுங்களையும் எப்படி மேய்ப்பாளோன்னு.”

ஹிராத்சுகா ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் துண்டைத் தலையிலிருந்து எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தார். பிறகு, அப்படியே செய்யுங்கள் என்றார். கேமரா ஓடியது. பதினாறு பெண்களும் சிரித்தார்கள். முதலில் வராத சிரிப்பு, நாபே ஏதோ முணுமுணுத்ததும் வந்துவிட்டது; நிறுத்த முடியாமல் வந்தது. பனி எடுத்துட்டு வாங்கடா, கையில பிடிச்சுட்டு வாங்க என்று கத்தினார்கள். ஒட்டுப்பலகைக் கப்பலின் ஏணியில் நாஹாப் பிள்ளைகள் ஏறினார்கள். கமாது அகேமியின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தாள், தொப்பியை நேராக்கினாள். பிறகு அவள் கை பிள்ளையின் இடுப்புவரை போய் நின்றது. நெருப்பைத் தொட்டவள்போல இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். காட்சி முடிந்து ஒலிபெருக்கியில் நன்றி சொன்ன பிறகும் அவர்கள் சிரிப்பதை நிறுத்தாமல் நின்றார்கள். உடைகளைத் திருப்பி வாங்க வந்த பெண், வாங்காமலே போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத நீரில் தெப்பக் காட்சி. ஹிராத்சுகா எழுதியது இதுதான். தெப்பத்தில் இரண்டு சிறுமிகள். மூன்றாம் நாள் சூரியன் மறைகிறது. செத்சு பள்ளிப் பாட்டு ஒன்றை மெல்லப் பாடுகிறாள். அம்மாகிட்ட சொல்லு, நான் பயப்படவே இல்லன்னு சொல்லு என்கிறாள். புன்னகையோடு நழுவித் தண்ணீருக்குள் போகிறாள். அகேமி அதை நன்றாகவே செய்தாள். மேக்கப்காரப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படப்பிடிப்புக் குழுவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த தோமி கரையில் பாத்திரங்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை எடுக்கும்போது அவளிடமிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது. வாய் மூடியே இருந்தது. மூக்கிலிருந்தும், உதடுகளின் ஓரத்திலிருந்தும், பிறகு தடுக்கவே முடியாமலும் வந்தது. இறங்குமுகமாக இருந்த அலை திரும்பி ஏறியது. திட்டுக்குள் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்ததைக் கேமரா வைத்திருந்த படகை ஓட்டியவன் கம்பில் அளந்து சொன்னான். கரையோரம் வைத்திருந்த முக்காலி ஒன்று மிதந்தது. வேலையை நிறுத்தினார்கள்.

தோமி சோற்றுப் பாத்திரங்களை மணலில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்தாள். தெப்பத்தருகே போய், தோமியாக நடித்த சிறுமியை இடுப்பில் தூக்கிப் படகில் உட்காரவைத்தாள். தான் தெப்பத்தில் ஏறினாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் முன்துணியை உருவி, நீளமாகக் கிழித்து, ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையை அகேமியின் இடுப்பிலும் சுற்றி நடுவில் ஒரு முடிச்சுப் போட்டாள். படகைக் கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். பிறகு அகேமியைப் படுக்கவைத்துத் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஹிராத்சுகா கேமராக்காரரின் தோளைத் தட்டி, ஓட்டு, நிறுத்தாதே என்று மட்டும் சொன்னார்.

அகேமி வேலையில் கவனமான பிள்ளை. அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். “அத்தை, இப்ப எனக்கு உயிர் இருக்கா, செத்துட்டேனா? எப்படிப் படுக்கணும்?”

தோமி வாயைத் திறந்தாள். தண்ணீர் அகேமியின் நெற்றியில் விழுந்தது.

அகேமி தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உங்களுக்கே தெரியலையா?”

தண்ணீர் இன்னும் வந்தது.

“சரி அத்தை. தெரியாதுன்னா, தெரியாத மாதிரியே படுத்துக்கறேன்” என்று சொல்லிக் கண்ணை மூடினாள்.

தோமி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். துணி ஊறிப் பருத்து, முடிச்சு கூழாங்கல்லாக இறுகிக் கிடந்தது. விரல் நுனியால் கிள்ளினாள், பல்லால் கடித்தாள், கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள், மூக்கருகே காதை வைத்துக் கேட்டாள், தோளைப் பிடித்து உலுக்கினாள், மறுபடி முடிச்சுக்கு வந்தாள். மத்தியானம் தொடங்கியது, பொழுது சாய்கிறவரை ஆனது. ஐந்து முறை படச்சுருள் மாற்றினார்கள். பிள்ளைக்குப் பசிக்குமே என்று மேக்கப்காரப் பெண் சொன்னதற்கு, அகேமி கண்ணைத் திறக்காமலே விரலை ஆட்டி வேண்டாம் என்றாள். முடிச்சு அவிழ்ந்தபோது தோமி பிள்ளையின் தலையை மடியிலிருந்து எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். மூன்று முழம் தள்ளி, அதற்குள் கழுத்தளவுக்கு ஏறியிருந்த நீரில் நின்ற உதவியாள் ஒருவன் அகேமியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டான். தோமியிடமிருந்து வந்த தண்ணீர் நின்றுவிட்டது. அவள் நீந்திக் கரைக்கு வந்து, ஆறிப்போன சோற்றைக் குழுவுக்குப் பரிமாறினாள்.

படம் அடுத்த வருடம் வெளிவந்தது. தெப்பக் காட்சியில் பாட்டும் இல்லை, கடைசி வார்த்தையும் இல்லை. ஆறு நிமிடம் கைகள் மட்டும் தெரிந்தன. ஒன்பது வயதுச் சிறுமியின் முகம், அடுத்து நாற்பது வயதுப் பெண்ணின் வெந்த கைகள், மறுபடி சிறுமியின் முகம். டோக்கியோப் பத்திரிகை ஒன்று இதைப் பெரிய கவனக்குறைவு என்று எழுதியது. ஹிராத்சுகா பதில் எழுதவில்லை. முதல் பிரதி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தானே தீவுக்கு வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டித் திரையிட்டார்கள். தாய்மார்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தங்கள் சிரிப்பைத் திரையில் பார்த்தபோது அவர்கள் அழுதார்கள். இடது புறங்கையில் தழும்பு தெரிந்ததும், இது தோமி கை என்று ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. முடிச்சைக் கேமரா அருகில் காட்டியபோது கமாது எழுந்து நின்றாள். பின்னாலிருந்தவர்களுக்கு மறைத்தது. உட்காருங்க என்று யாரும் சொல்லவில்லை. ஆறு நிமிடமும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை தோமி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது கமாது கடைக்குள் வந்தாள். அந்தக் கடை தொடங்கிப் பதினேழு வருடத்தில் அவள் வாசற்படி ஏறியது அதுதான் முதல் தடவை. செய்தோகு எழுந்து வெளியே போகப் பார்த்தான். “நீயும் இருப்பா” என்றாள். நாற்காலியை இழுத்துத் தோமிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த முடிச்சு நான் போட்டது.”

தோமி கையிலிருந்த விறகை வைத்துவிட்டு நின்றாள்.

“செத்சு ஒரு இடத்துல நிக்க மாட்டா. கூட்டத்துல தொலைஞ்சுடுவான்னு உங்க ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டினேன். போய் இறங்கற வரைக்கும் அவிழ்க்கக் கூடாதுன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?”

தோமி தலையசைத்தாள். தாடையில் தண்ணீர் சொட்டியது.

“நீ மட்டும் வந்து இறங்கினப்ப எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? ஏதோ கம்பியில, கதவுல அந்தக் கயிறு மாட்டிக்கிச்சு. உன்னை மட்டும் யாரோ அறுத்து எடுத்திருக்காங்க. நான் கட்டின கயிறுதான் எம்புள்ளைய உள்ள இழுத்துட்டுப் போயிருக்கு. கேட்டா நீ அதைச் சொல்லிடுவியோன்னு பயந்துகிட்டு, முப்பது வருஷமா உன் மூஞ்சியப் பாக்காம நடந்தேன்டி.” கமாது மூச்சு வாங்கினாள். “அதை நீயா அவிழ்த்தே?”

தோமி மறுபடி தலையசைத்தாள். தண்ணீர் இப்போது நிற்காமல் வந்தது. செய்தோகு வழக்கம்போல வாளியை எடுத்தான். கமாது கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

“விடுப்பா. வரட்டும். அவ சொல்றா, நான் கேக்கறேன்.” தோமியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “முதல்ல இருந்து சொல்லு. துறையைத் தாண்டினதும் என்ன பண்ணீங்க?”

தோமி சொன்னாள். தண்ணீராகத்தான் சொன்னாள். ஆனால் அதுவரை வந்தது வாளிக்கணக்கு; அன்று வந்தது கடல். கமாது அதை வார்த்தைகளைக் கேட்பதுபோலவே கேட்டாள். ம் கொட்டினாள். நடுநடுவே கேள்வி கேட்டாள். “அப்ப மிசாவோ டீச்சர் எந்தப் பக்கம் இருந்தா?” “குடிக்க ஏதாவது இருந்துச்சா?” “அழுதாளா? ரொம்பவா?” ஒவ்வொரு கேள்விக்கும் தண்ணீர் வந்தது. ஒவ்வொன்றும் முடிகிறவரை அவள் பொறுத்திருந்தாள். சில இடங்களில் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஓர் இடத்தில், என்ன கேட்டாளோ, சிரித்தேவிட்டாள். “ஆமா, அவ அப்படித்தான், அந்த நேரத்துலயும் அவளுக்கு அது வேணும்” என்றாள். நாற்காலிக் கால்கள் முழுகின. கிண்ணங்கள் மிதந்து வாசலைத் தாண்டிப் போயின. தண்ணீர் துறைமுக மேட்டிலிருந்து சரிவில் இறங்கி, ஐஸ் ஆலையைச் சுற்றிக்கொண்டு, கடலில் போய் விழுந்தது. சாப்பிட வந்தவர்கள் விஷயம் என்னவென்று பார்த்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம்போடாமல் திரும்பிப் போனார்கள். செய்தோகு அடுப்படி மேடைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து தூக்கத்தில் அவள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அகேமி கேட்ட கேள்வியைக் கமாதுவும் கேட்டாளா என்பது செய்தோகுவுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவள் குனிந்து தோமியின் காதில் ஏதோ கேட்டாள். நீண்ட நேரம் தண்ணீர் வந்தது. கமாது ம் என்றாள், மறுபடி ம் என்றாள். அதற்குள் மாலையாகிவிட்டது. அவள் தன் மடியிலிருந்த கைகளைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

“புறப்படற முந்தின நாள் உங்க ரெண்டு பேருக்கும் நகத்தை ஒட்ட வெட்டி விட்டேன். சுத்தமா போகட்டும்னு. நகமே இல்லாம எப்படித்தான் அவிழ்த்தியோ” என்றாள். எழுந்து பாவாடையைப் பிழிந்தாள். “சரி. நாளைக்கு நாபே வருவா. அவளுக்கு ரெண்டு பசங்க, மெதுவா சொல்லு.”

நாபே மறுநாள் வந்தாள். பிறகு மற்றவர்கள், ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஆசிரியை மிசாவோவின் தம்பி நாஹாவிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிக் கேட்டார். யாருக்கு என்ன புரிந்தது என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வருடம் இலையுதிர் காலத்துக்குள் தீவில் முப்பத்தெட்டு நினைவுப் பலகைகள் வைக்கப்பட்டன, ஒவ்வொன்றிலும் நாளும் நேரமும் இருந்தன, ஒன்றோடொன்று முரண்படவும் இல்லை. நெல் ஈரமாகிறது என்று சரிவில் இருந்த கிடங்குக்காரர் மனு கொடுத்ததால், ஊராட்சி கடை வாசலிலிருந்து துறைவரை இரண்டடி அகலத்துக்குச் சிமெண்டு வாய்க்கால் கட்டியது. கமாது அதற்குப் பிறகு பதினான்கு வருடம் உயிரோடு இருந்தாள். தோமியின் கடையில்தான் மதியம் சாப்பிட்டாள், ரசத்தில் உப்புக் கூடிப்போச்சு என்று தினமும் குறை சொன்னாள்.

தோமிக்கு இப்போதும் கப்பலைப் பற்றிப் பேசினால் தண்ணீர்தான் வருகிறது. பெருந்தீவிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறை கேட்க வருகிறார்கள். அன்றைக்குக் கடைக்கு விடுமுறை. ரப்பர் செருப்பும் மாற்றுத்துணியும் கொண்டுவரும்படி ஊராட்சி முன்னாலேயே எழுதிவிடுகிறது. பிள்ளைகள் கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிவிட்டுக்கொண்டு வரிசையாக உட்காருகிறார்கள். இதுவரை யாரும் நடுவில் எழுந்து போனதில்லை.